சரிபார்க்காமல் விட்ட படி

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று வாங்கி மனைவியுடன் மலையேற வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. ஓய்வுபெற்றபின் உடுமலைப்பேட்டையில் ஒன்று கிடைத்தது. போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவன் அல்லவா? எஞ்சின் எண், தகுதிச் சான்று, காப்பீடு என எதையும் விடவில்லை. மூட்டுவலிக்கார மனைவியை மட்டும் ஏற்றிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் அவளுக்கு ஜீப்பின் படி எட்டவில்லை. ஸ்டூல் போட்டேன். அது சரிந்து, விழுந்தவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

"ஏனுங்க, மலைக்குன்னு சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டீங்களே" என்றாள்.

இனி அவள் எழுந்து நடப்பது சந்தேகம் என்கிறார் மருத்துவர்.

ஜீப்பை விற்கிறேன். தனியாக வருபவர்களிடம் ஆவணங்களைக் காட்டுவதில்லை. "ஊட்டுல அம்மணியக் கூட்டிட்டு வாங்க, மொதல்ல அவங்க ஏறிப் பாக்கட்டும்" என்கிறேன்.