வாசலில் எடுத்த முகம்

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். திருச்சுழியில் தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு வராமல் என்ன செய்யும்? ஆதார் கொண்டுவாருங்கள் என்றால் ரேஷன் கார்டை நீட்டுவார்கள். ரேஷன் கார்டு கேட்டால் புருஷனைக் கூட்டிவருவார்கள். தினமும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன். அப்படி ஒரு நாள் வந்தவள்தான் முத்துத்தாய். நரிக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"பாப்பா, போலீஸ்காரவுக செல்லுல நம்ம போட்டோ இருந்தா, அத அழிக்கச் சொல்லி யாருக்கு மனு எழுதணும்?"

பட்டா மாற்ற எழுதியிருக்கிறேன், முதியோர் பென்ஷனுக்கு எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு மனுவை என்னிடம் யாரும் கேட்டதில்லை. உட்காருங்கக்கா என்றேன்.

அவள் புருஷன் ஜெயபாண்டி கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துவிட்டு, அது கரியாகும்வரை பக்கத்திலேயே காவல் கிடக்க வேண்டும். மண்ணில் ஒரு விரிசல் விட்டால் போதும், காற்று புகுந்து அத்தனையும் சாம்பலாகிவிடும். ஆகவே மூட்டம் போட்டால் ராத்திரியில் வீடு கிடையாது. இளவட்டமாக இருந்தபோது, கண்மாய்த் தண்ணீருக்காகப் பக்கத்து ஊர்க்காரர்களோடு நடந்த கைகலப்பில் அவர் பெயரும் கேஸில் சேர்ந்தது. கோர்ட்டில் விடுதலையும் ஆகிவிட்டது. ஆனால் ஸ்டேஷனில் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள். ஊரில் அதைக் கேடி லிஸ்ட் என்பார்கள். திறந்ததை மூட மட்டும் யாருக்கும் நேரமில்லை.

லிஸ்டில் இருக்கும் ஆள் வீட்டில்தான் இருக்கிறாரா என்று போலீஸ் வந்து பார்க்கும். முன்பெல்லாம் தேர்தல், திருவிழா என்றால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு செல்போனில் ஆப் வந்தது. வந்து பார்த்ததற்குச் சாட்சியாக, வீட்டு வாசலில் ஆளைப் படம் எடுத்து அதில் ஏற்ற வேண்டும். ஜெயபாண்டியோ மூட்டத்தில் இருப்பார். வெறும் வாசலை எடுத்துக்கொண்டு போனால் அதிகாரி ஏசுவார். அதனால் கதவைத் திறந்த முத்துத்தாயை நிற்கவைத்து எடுத்தார்கள்.

தூக்கக் கலக்கத்தில் ஒரு படம். தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தபோது ஒரு படம். கடைசியில், அவளுடைய ஆத்தா செத்து, சுடுகாட்டில் காடமர்த்தும் சடங்கை முடித்துவிட்டு வந்து இவள் சுருண்டு கிடந்த அன்றும் தட்டியிருக்கிறார்கள்.

"அழுது வீங்கின மூஞ்சி பாப்பா. இன்னைக்கு வேணாம்யான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டபடியே எடுத்துட்டுப் போயிட்டாக" என்றாள். "யார் யாரு அதப் பாக்குறாகளோ."

அந்த வாசலில் நான் நின்றிருந்தால் செல்லைப் பிடுங்கி உடைத்திருப்பேன். உடைத்திருந்தால் என் பெயரிலும் ஒன்று திறந்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

என் சித்தி மகள் அஷ்வினி மதுரையில் வக்கீல். போன் போட்டு விவரம் சொன்னேன். முதலில் ஜெயபாண்டியின் பெயரை எடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றக் கிளையில் மனு போடலாம், பெயர் போனால் போலீஸ் வருவதும் நின்றுவிடும் என்றாள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தில்லியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்களாம். நம் ஊர்வரைக்கும் அது வந்து சேர நாம்தான் இழுத்துவர வேண்டும் போலிருக்கிறது.

விசாரணையன்று அரசுத் தரப்பு ஒரு குண்டைப் போட்டது. ஜெயபாண்டியின் செல்போன் இரவெல்லாம் வீட்டில் இருப்பதாகக் காட்டுகிறது, ஆள் மட்டும் வீட்டில் இல்லை. போலீஸை ஏமாற்றத் திட்டமிட்டே போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார், இவரையா கண்காணிக்கக் கூடாது என்கிறீர்கள் என்று கேட்டார்கள். அஷ்வினி திகைத்துப்போய் வாய்தா வாங்கிக்கொண்டு வந்து என்னைக் காய்ச்சினாள். நான் ஜெயபாண்டியைக் காய்ச்சினேன்.

"போன வீட்டுல வச்சுட்டு எதுக்குண்ணே போனீக?"

அவர் பாவம், முழித்தார். "மூட்டத்துக்குப் போனு கொண்டுபோனா வெக்கையிலயும் தூசியிலயும் ஒரு மாசம் தாங்காதும்மா. கரி போடுற ஆளுக யாரும் கொண்டுபோக மாட்டோம். அது போக, போன எப்பவும் ஆன்லயே வையின்னு ஸ்டேஷன்ல சொன்னாக. காட்டுல எங்க சார்ஜ் போட? அதான் வீட்டுலயே சொருகி வச்சிருந்தேன்."

போலீஸ் சொன்னதைக் கேட்கப்போய் வந்த வினை. சுற்றுப்பட்டில் கரி போடும் ஆட்களிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்பினேன். கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. விடுதலையான பழைய கேஸைக் காட்டி ஒருவரைக் காலமெல்லாம் கண்காணிக்க முடியாது, பதிவேட்டை மூடுங்கள் என்று உத்தரவு வந்தது. ஜெயபாண்டி என் கடைக்கு அல்வா வாங்கிவந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கூட வந்த முத்துத்தாய் அல்வாவைத் தொடவில்லை. "எம் போட்டோவெல்லாம்?" என்றாள்.

உத்தரவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அவர் பெயரை எடுக்கச் சொல்லித்தான் கேட்டிருந்தோம்.

ஜெயபாண்டிக்குச் சிரிப்பு போய்விட்டது. "ஏத்தா, விட்டுரு. இப்பத்தான் நிம்மதியாக் கஞ்சி குடிக்கப்போறோம். மறுபடி அவுக கூட எதுக்கு மல்லுக்கட்டணும்? ஒன் போட்டோவ வச்சு அவுக என்ன செய்யப்போறாக?"

"அது தெரியாமத்தான தூக்கம் வர மாட்டேங்குது" என்றாள் அவள். "ஒங்க பேரு வெளிய வந்துருச்சு. எம் மூஞ்சி இன்னும் உள்ள கெடக்கு. நான் எந்தக் கண்மாய்ல எவன அடிச்சேன்?"

கடையில் நின்ற ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயபாண்டி வெளியே போய் நின்றுகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பல வருஷம் பயந்தே பழகிய மனுஷன். அவரைப் போய் என்ன சொல்ல?

இரண்டாவது மனுவில் மனுதாரர் முத்துத்தாய். எந்தக் குற்றத்திலும் சம்பந்தமில்லாத பெண்ணை அவள் சம்மதமில்லாமல் அவள் வீட்டு வாசலிலேயே படம் எடுத்து வைத்திருக்க எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று அஷ்வினி கேட்டாள். அரசுத் தரப்பில் வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முத்துத்தாய் மதுரைக்குப் போய், கோர்ட்டு ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். வரவே தேவையில்லை என்று அஷ்வினி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே. ஜெயபாண்டி கூடப் போக மாட்டார். ஆனால் விடிகாலையில் பஸ் ஏற்றிவிட மட்டும் மூட்டத்திலிருந்து வந்துவிடுவார்.

மழைக்காலம் முடியும்போது உத்தரவு வந்தது. படங்கள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், அழித்த விவரத்தை மனுதாரருக்குத் தெரிவித்துக் கோர்ட்டுக்கு அறிக்கை தர வேண்டும். உத்தரவு நகலை நானே கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நரிக்குடி பஸ் ஏறினேன்.

ஜெயபாண்டி மூட்டத்தில் இருந்தார், நானும் அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் பைக் வந்து நின்றது. ஏட்டு பால்பாண்டி. கதவைத் தட்டி அதிக தடவை படம் எடுத்துப் போனவர் இவர்தானாம். முத்துத்தாய் கை கழுவிவிட்டுப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சுத்தா" என்றார் அவர். மரியாதையாகத்தான் பேசினார். "மேல ஆபீஸ்லயே அழிச்சுட்டாக. ஒனக்குத் தெரியப்படுத்தச் சொன்னாக."

"சந்தோசம்யா" என்றாள்.

அவர் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தார்.

"அப்படியே வாசல்ல செத்த நில்லு தாயி. ஒங்கிட்ட நேர்ல சொல்லிட்டேன்னு கோர்ட்டுக்குக் காட்டணும்ல. போட்டோ ஏத்தாட்டி இந்த ஆப்பு ஒத்துக்கிற மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணுதான்."

எனக்கு வாயில் நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் முத்துத்தாய் கதவைச் சாத்திவிட்டாள்.

படாரென்று இல்லை. மெதுவாகச் சாத்தி, நாதாங்கியைப் போட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். போலீஸ் நிற்கும்போது அவள் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை. வெளியே பால்பாண்டி தொண்டையைச் செருமுவது கேட்டது. இப்போது தட்டுவார், இப்போது தட்டுவார் என்று இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் பைக் கிளம்பிப் போனது.