சிவப்பு மங்கிய மாதங்கள்

கைக்குட்டையில் விழுந்த முதல் ரத்தத்தை நான் தெளிவாகப் பார்த்தேன். ராஜபாளையத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் புது டெலிபோனை மாட்டிவிட்டு, ரிசீவரில் வாயை வைத்து "ஹலோ, டெஸ்டிங்" என்றேன். இருமல் வந்தது. கைக்குட்டையை மடிக்கும்போது பொட்டு அளவுக்குச் சிவப்பு. வீட்டுக்கார அம்மா கொண்டுவந்த காபியை வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பினேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அந்த ரிசீவரைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தேன். "எம்புட்டு சுத்தமான ஆளு!" என்று அந்த அம்மா மெச்சிக்கொண்டார்.

பதினைந்து வருடம் கடற்படையில் மின்சாரப் பிரிவில் இருந்தேன். பென்ஷனோடு ஊர் திரும்பி டெலிபோன் துறையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. போனுக்கு எழுதிப்போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, நான் மாப்பிள்ளையைவிட முக்கியமான விருந்தாளி. மனைவி செண்பகம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள், சொந்தமாக ஓட்டு வீடு. குறை என்று எதையும் சொல்லிக்கொள்ளாத குடும்பம்.

ராஜபாளையத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அங்கே நான் மாட்டிய போன் இருக்கும். என்னைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அதனால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் பஞ்சு ஒட்டியது போல ஒரு வெண்மை. சளிப் பரிசோதனையும் அதையே சொன்னது. காசநோய்.

"ஒன்பது மாசம் மருந்து. ஒருநாள்கூட விடக்கூடாது. விட்டா கிருமி முறுக்கிக்கும், பொறவு எந்த மருந்துக்கும் அடங்காது" என்றார் டாக்டர். மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் மருந்து; சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும்) பற்றிப் பயப்பட வேண்டாம் என்றார். எத்தாம்பூட்டால் (கிருமி பெருகாமல் தடுக்கும் மாத்திரை) பற்றி வேறொன்று சொன்னார். "பார்வையில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா உடனே வாங்க." நான் தலையாட்டினேன். ஒருநாள்கூட விடக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

செண்பகத்திடம் மட்டும் சொன்னேன். அவள் அழவில்லை. எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்துவைத்தாள். பெண்களைப் பரிசோதித்து, அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்றுதான் இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

முதல் மூன்று மாதம் நன்றாகவே போனது. ரத்தம் நின்றது, எடை கூடியது. இரண்டாம் மாதமே சளியில் கிருமி இல்லை என்றார்கள். ஆனாலும் ஊரார் வீட்டு ரிசீவரை நான் சோதிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். தினமும் காலையில் கொல்லைக் குழாயடியில் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் துப்பி, சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். டாக்டர் சொல்லவில்லை, பயம் சொன்னது.

நான்காம் மாதத்தில் சிறுநீரின் ஆரஞ்சு நிறம் வெளுத்துவந்தது. உடம்பு தேறுகிறது, மருந்தின் கழிவு குறைகிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து மகிழ்ந்தேன். இதே மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு இதை வாசிப்பவர்கள் இந்த இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். சிரித்துவிட்டு உங்கள் கண்ணையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து செய்தித்தாளின் எழுத்துகள் நடுவில் மட்டும் கலங்கின. செண்பகம் வாங்கிவந்த தக்காளியைப் பார்த்து, "ஏன் காயா வாங்கினே?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போதுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வெளுத்தது சிறுநீர் இல்லை, என் கண்.

ஆனாலும் போகவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் கிருமி முறுக்கிக்கொள்ளும். சொல்லாவிட்டால் கண் போகும். கண் போனால் வேலை போகும், ஏனென்றால் என் வேலையே நிறம் பார்த்துச் செய்கிற வேலை. நுரையீரலா கண்ணா என்று மனதுக்குள் பஞ்சாயத்து வைத்தே மூன்று வாரத்தை ஓட்டினேன். முட்டாள்தனம்தான். பயந்தவனுக்கு அது முட்டாள்தனமாகத் தெரிவதில்லை.

அந்த வாரங்களில்தான் சாக்கடை தோண்டியவர்கள் ஒரு கேபிளை வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஜோடி கம்பி. எந்த ஜோடி யாருடையது என்பதை நிறம்தான் சொல்லும். மூன்றாவது ஜோடி வெள்ளையும் பச்சையும், நான்காவது வெள்ளையும் பிரவுனும். குழிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். பச்சையும் பிரவுனும் ஒரே சேற்று நிறமாக இருந்தன. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம். கேட்க நாக்கு எழவில்லை. கைப்பழக்கம் வழிகாட்டும் என்று நம்பி முறுக்கி முடித்தேன்.

மறுநாள் காலையிலேயே புகார் வந்தது. ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு வரும் அழைப்பெல்லாம் ஒரு மில் ஆபீசில் அடிக்கிறது. மில்லுக்கு வருவது ஆஸ்பத்திரியில். நான்தான் போனேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆயாம்மா பிடித்துக்கொண்டார்.

"நேத்து ராத்திரி ஒருத்தர் அம்புட்டு நேரம் போன் போட்டிருக்காரு. எத்தன தடவ போட்டாலும் மில்லு வாட்ச்மேன்தான் எடுக்காராம். பொறவு பிள்ளத்தாச்சிய ஆட்டோவுல தூக்கிப்போட்டு வந்தாக. டாக்டரம்மா இல்ல, ஆள் விட்டுக் கூட்டியாந்தோம். செத்த நேரம் பிந்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"இப்ப எப்படி இருக்காக?"

"சாமி புண்ணியத்துல ரெண்டு உசுரும் நல்லாருக்கு. இத எவன் மாட்டுனானோ, அவன் கையில..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுபடி அதே குழியில் இறங்கினேன். அன்று கண்ணை நம்பவில்லை. ஒவ்வொரு கம்பியிலும் சோதனை போனை வைத்து, காதால் கேட்டுப் பிரித்து மாற்றினேன். வார்டுக்குள் போய் அந்தத் தாயைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, கிண்ணத்தில் துப்பி, செண்பகத்தைக் கூப்பிட்டேன். "இதுல ரத்தம் இருக்கான்னு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். எந்தப் பெண்ணிடமும் கேட்கக்கூடாத உதவி அது. "வெறும் சளிதான். ஏன், ஒங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல. சிவப்பே தெரியல."

அவள் அடுப்படிக்குப் போய் இரண்டு மிளகாயை எடுத்துவந்தாள், ஒன்று பழம், ஒன்று காய். மாற்றி மாற்றி நீட்டினாள். நான் சொன்ன பதில் பாதிக்குப் பாதி தப்பு. மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டே கத்தினாள். "கடல்ல கிடந்த ஆளுக்கு இதச் சொல்ல வாய் இல்லையாக்கும்? கெளம்புங்க, நானும் வாரேன்."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் கேட்டார். "இம்புட்டு நாள் ஏன் சொல்லல?"

"மருந்த நிறுத்திருவீகளோன்னு பயந்துட்டேன் சார்."

"ஒரு மாத்திரையத்தான் நிறுத்துவேன். அதுக்குப் பதிலா வேற இருக்கு." இவ்வளவுதான். மூன்று வாரம் நான் நடத்திய பஞ்சாயத்துக்கு இரண்டே வரியில் தீர்ப்பு. பார்வை நரம்பு அழற்சி (கண் பார்த்ததை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு பாதிக்கப்படுவது) என்றார். என் தொழில் பாஷையில் சொன்னால் கருவி பழுதில்லை, லைன் பழுது. "திரும்பி வருமா?" என்று செண்பகம் கேட்டாள். "பெரும்பாலும் வரும். எப்போ, எவ்வளவுன்னு சொல்ல முடியாது" என்றார்.

மதுரையில் கண் டாக்டரும் அதையே சொன்னார். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், அந்தக் கேபிளையும் சேர்த்து. வேலை போகவில்லை. உள்ளே உட்கார்ந்து லைன்களைக் காதால் சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் எந்த மாற்றமும் இல்லை. தினமும் விடியும்போது, இன்று இருட்டாகவே இருந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பேன்.

மூன்றாம் மாதம் வலது கண்ணில் நிறங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிவப்பு கடைசியாக வந்தது. நுரையீரல் குணமாகிவிட்டது என்று டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்தார். இடது கண் மட்டும் வரவில்லை. இத்தனை வருடமாகியும் வரவில்லை.

ஒரே உடம்பில் எனக்கு இரண்டு காலம் ஓடுகிறது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் குறை தெரியாது. வலது கண்ணைப் பொத்தினால் அந்த நான்காம் மாதம் இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கும். மீதிக் கண்ணும் போகிறதா என்று பார்க்க, இருந்தாற்போல் இருந்து கையைத் தூக்கி ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்ப்பேன். பஸ்ஸிலும் செய்வேன், சாப்பிடும்போதும் செய்வேன்.

ஒருநாள் செண்பகம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே என் கை வலது கண்ணுக்குப் போனது. அவள் பேச்சை நிறுத்தினாள்.

"ஊரெல்லாம் எப்படி வேணாப் பாருங்க. என்னையப் பாக்கும்போதாவது ரெண்டு கண்ணாலயும் பாருங்க."

அதிலிருந்து அவள் எதிரில் கையைத் தூக்குவதில்லை. அவள் அடுப்படிக்குப் போகும்வரை காத்திருக்கிறேன்.