ஜெபமலரின் மூச்சு

விடிந்ததும் ஜெபமலர் பாயிலிருந்து எழுந்துவிட மாட்டாள். படுத்தபடியே மாதா பாட்டில் ஓர் அடியைப் பாடிப் பார்ப்பாள். அடி முழுசாக முடிந்தால் எழுந்து அடுப்பு மூட்டுவாள். பாதியில் அறுந்தால், "இன்னைக்கு நெஞ்சு கட்டியிருக்குதுங்க" என்று கணவன் ஞானதாஸிடம் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து இன்னும் கொஞ்ச நேரம் ராகம் இழுப்பாள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரிகள் வந்து நிற்கும் தெருவில் இருவருக்கும் தார்ப்பாய் தைக்கிற வேலை. கிழிந்ததைத் தரையில் விரித்து, ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, கோணி ஊசியால் இழுத்துத் தைப்பார்கள். ஜெபமலருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு நோய். தோள் ஒடுங்கிய அந்த உடம்பிலிருந்து வரும் குரல் மட்டும் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும். கோயில் பாட்டெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. மற்ற நாளுக்கு அவளே கட்டிக்கொள்வாள். "நாமக்கல்லு வண்டிக்கு நாலெடம் கிழிசலு, ராசிபுரம் வண்டிக்கு ராப்பகலாக் கிழிசலு" என்று ஊசியின் இழுப்போடு பாட்டும் நீளும். டிரைவர்கள் தங்கள் ஊரையும் சேர்த்துப் பாடச் சொல்லிக் கேட்பார்கள்.

பக்கத்து வீட்டு ராஜம்மாளுக்குத்தான் பொறுக்காது. "நோவுக்காரி வாய மூடிட்டு இருக்கக் கூடாதா? இருக்கற மூச்சையும் பாடியே தீத்துப்புடுவா."

சீனாக்காரன் சண்டை நடந்த வருஷம், மார்கழிப் பனியில் இளைப்பு முற்றி ஜெபமலர் பெரியாஸ்பத்திரியில் கிடந்து திரும்பினாள். ராஜம்மாளின் பேச்சு அப்போது ஞானதாஸின் மனசில் உட்கார்ந்துகொண்டது. "இனிமேப் பாட வேண்டாம் மலரு. எனக்குப் பயமா இருக்குது" என்றான். அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். கண் கலங்கிச் சொன்னதால் சரியென்று விட்டாள்.

பாட்டு நின்றது. இளைப்பு நிற்கவில்லை. சோற்றை அளைந்துவிட்டு எழுந்தாள். பூசைக்குப் போனால் முக்காட்டை இழுத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தாள்.

"உள்ள என்னமோ அடைச்சாப்பல இருக்குதுங்க."

"மூச்சா?" என்று பதறுவான் ஞானதாஸ்.

"அது இல்லீங்க."

சொல்லிவிட்டு அடுத்த கிழிசலில் ஊசியைக் குத்துவாள்.

ஆடிக்காற்று வீசிய ஒரு மத்தியானம், வாழப்பாடியிலிருந்து மிளகாய் ஏற்றி வந்த லாரியின் தார்ப்பாயை உதறினார்கள். மடிப்பில் தங்கியிருந்த நெடி குப்பென்று கிளம்பியது. ஜெபமலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது. ஞானதாஸ் அவளை வாரித் தூக்கி ஜட்கா வண்டியில் ஏற்றினான். அவன் வண்டிக்காரனிடம் பதறிக் கத்தியதைக் கேட்டு அவளுக்குப் பயம் கூடியது. பயம் கூடக்கூட நெஞ்சு இறுகியது.

பாதி வழியில் கண்ணை மூடி, உதட்டைக் குவித்துப் பாட முயன்றாள். முதலில் வெறும் சீழ்க்கை. பிறகு மெல்லிய ஒரு சுரம். அடுத்தது சற்றே நீண்டது. தடுக்கப் போன ஞானதாஸ், தன் மணிக்கட்டை இறுக்கியிருந்த அவள் விரல்கள் தளர்வதை உணர்ந்து அவளைப் பாட விட்டான்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "இவ பாடலாமுங்களா?"

"தாராளமா. பாடறப்ப மூச்சு மெதுவா, நீளமா வெளிய போகும். பயமும் அடங்கும். அதுக்காகப் பாட்டே போதும்னு இருந்துடாதீங்க. திணறினா உடனே இங்க கூட்டிட்டு வரணும்."

உடம்பு தேறி மறுபடி வேலைக்கு உட்கார்ந்த அன்று, ஞானதாஸ் தார்ப்பாயைத் தெருக்கோடிக்குத் தூக்கிப்போய்த் தானே உதறிக்கொண்டு வந்தான். தைத்துக்கொண்டே தன்னை அறியாமல் பாடத் தொடங்கிய ஜெபமலருக்கு இரண்டாம் வரியில் இருமல் வந்தது. சட்டென்று நிறுத்திக் கணவனைப் பார்த்தாள்.

ஞானதாஸ் ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். சொம்பிலிருந்த வெந்நீரைத் தம்ளரில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "ம்... அப்பறம்?" என்றான்.