பிளக்குக்கும் ஒரு பொட்டு

இன்று திருப்பதியில் பழைய வண்டிகள் ஊர்வலம். எங்கள் வீட்டுக்காரர் தன் ரெட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு சித்தூரிலிருந்து கிளம்பினார். நேரத்துக்குப் போகாவிட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். பேரப்பிள்ளைகளிடம் வேறு பெருமையடித்து வைத்திருந்தேன்.

புத்தலப்பட்டு தாண்டி ஒரு மேடு. வண்டி ஏற மாட்டாமல் முனகியது. ஒரு டீக்கடை எதிரே ஓரங்கட்டினார்.

"ஒரு சிலிண்டர்லதான் ஓடிக்கினு கீது. நீ எறங்குமே, வெயிட்டு தாங்கல."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போதே இரண்டு சைலன்சர் குழாய்களிலும், தோசைக்கல்லில் தெளிப்பதுபோலத் தண்ணீர் தெளித்தேன். வலது பக்கம் சொய்யென்றது. இடது பக்கம் சும்மா வழிந்தது.

"லெஃப்ட்டுதான் செத்துக் கீது! அஞ்சாவது படிச்சவ கண்டுபுடிச்சிட்டேன், நீங்க இன்னா மெக்கானிக்கு?" என்று டீக்கடைக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவர் இன்ஜினை அணைத்து, இடது ஸ்பார்க் பிளக்கின் மூடியைப் பிடுங்கினார்.

பிளக்கின் தலை முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம்.

நேற்று ஆயுத பூஜை. வண்டியில் ஓர் உறுப்பும் விட்டுப்போகக் கூடாதென்று மூடியைக் கழற்றிப் பொட்டு வைத்தவள் நான்தான். உள்ளே ஈரம் காயாமல் கரண்ட் அதன் வழியே கசிந்துவிட்டதாம்.

"ரைட்டு பக்கத்த மட்டும் ஏன்மே உட்டுட்ட?"

"சந்தனம் தீந்துபூட்ச்சி."

என் முந்தானையாலேயே துடைத்தார். வண்டி சீறிக்கொண்டு மேடேறியது. ஊர்வலத்தின் வாலில் எப்படியோ ஒட்டிக்கொண்டோம்.

நேற்று வைக்கக் கூடாத இடத்தில் பொட்டு வைத்தது நான் ஒருத்திதானா? கூச்சப்படாமல் சொல்லுங்கள், அவரிடம் காட்ட வேண்டும்.