கடைசிப் படியில் கிடந்த உப்பு

அணையைக் கட்டியது அரசாங்கம். அதைத் திறக்க வைக்க எங்களுக்கு இருந்த ஒரேயொரு வாய்ப்பைக் கெடுத்தது என் மாமா.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மாமா எங்கள் ஊர் வாசிகசாலை மேடையில் நின்று, குளத்தை மீட்போம் என்று ஒலிவாங்கியில் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த அப்பாவும் தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

குளம் என்றதும் படிக்கட்டும் கோயிலும் உள்ள குளத்தை நினைக்க வேண்டாம். அதை யாரும் வெட்டவில்லை. ஊர் முடிந்து, பனங்கூடல் முடிந்து, தாழம்பற்றைகள் தொடங்குகிற இடத்தில், மணல் மேடுகளுக்கு நடுவே தன்பாட்டில் கிடந்தது. மாரியில் நிரம்பும். கோடையில் சுருங்கும். சுருங்கும்போது சுற்றிவர வெள்ளை மணல் தெரியும். அந்த மணலைக் கையால் தோண்டினால் தண்ணீர் ஊறும். கடல்நீரேரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீரில் உப்புக் கிடையாது. சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்றும் தெரியாது. ஊரே அப்போது குடித்தது அந்த மணலில் ஊறிய தண்ணீரைத்தான்.

பிறகு அணை வந்தது. குளத்துக்கும் கடல்நீரேரிக்கும் இடையில் நீளமாக மண்ணைக் கொட்டி, கல் அடுக்கி, தண்ணீருக்குள் இறங்கப் படி கட்டி, இரும்புக் கதவு வைத்து, மழைத் தண்ணீர் கடலுக்குப் போகாமல் மறித்தார்கள். ஊர்க் கிணறெல்லாம் நன்னீராகும் என்றார்கள். நாங்களும் நம்பினோம். தண்ணீர் ஏறி எங்கள் குளத்தை மூடியது. மணலை மூடியது. பற்றைகளை மூடிப் பக்கத்துத் தரவை வெளி முழுவதும் பரவி நின்றது. அந்தத் தரவை உப்பு மண். மாடுகள் அங்கே மேயப் போவதில்லை, மண்ணை நக்கத்தான் போகும். அதற்கு மேல் நின்ற தண்ணீர் உப்பாகாமல் வேறு என்ன ஆகும்? தாழை எல்லாம் நின்ற நிலையில் கருகியது. கூழைக்கடாக்கள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்காமலே போயின.

அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போனார். அணைக் கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்போம், தண்ணீர் வடியட்டும், பழைய குளம் அடியில் அப்படியே இருக்கிறது என்று சொன்னார்.

"மனேச்சர், கட்டின அணையை ஆரும் திறந்துவிடுவினமோ? உமக்கென்ன விசரோ?" என்று கேட்டவர்களும் கடைசியில் அவரோடு அரசாங்கக் கந்தோருக்கு வந்தார்கள். வெயிலில் நின்றார்கள். அலைந்து அலைந்து, அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பார்ப்பார்கள் என்ற இடத்துக்குக் காரியம் வந்தது. ஆவணியில் வாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும் என்றார் அப்பா. அவர்கள் தையில் வருவதாகச் சொன்னார்கள். தையில் மாரித் தண்ணீர் மேலே நிற்கும். அள்ளிக் குடித்தால் இனிக்கும்.

அப்பா மனம் விடவில்லை. உப்புத் தண்ணீர் பாரம், அடியில்தான் கிடக்கும் என்று ஒரு போத்தலுக்குக் கல்லைக் கட்டினார். தக்கைக்குத் தனியாக ஒரு கயிறு. போத்தல் அடியில் போய் நின்றதும் கயிற்றை இழுத்துத் தக்கையைத் திறக்க வேண்டும். எங்கள் கிணற்றில் விட்டு விட்டுப் பார்த்தார். கயிற்றைப் பிடிக்க என்னை விட்டார். அதிகாரிகளைத் தோணியில் ஏற்றி, பழைய குளத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தி, அடித் தண்ணீரை எடுத்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய திட்டம்.

மாமா அம்மாவின் தம்பி. வெளிநாடு போவதற்காக எங்கள் வீட்டில் காத்திருந்தார். பகலில் கருவாட்டு வாடியில் மீன் காயப்போடுகிற வேலை. வீட்டில் என்னைச் சிரிக்க வைக்கிற ஆள் அவர்தான். அப்பாவின் போத்தலைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"அத்தான், உவங்கள் சப்பாத்தோடை வருவாங்கள். தோணியிலை ஏறமாட்டாங்கள். படியிலை நிண்டு ஒரு போத்தல் மொண்டுகொண்டு போயிடுவாங்கள்."

"ஏத்துவம் மச்சான். நான் கதைக்கிறன்."

"நீங்கள் கதைச்சுக் கதைச்சே கிழவனாகப் போறியள்."

அப்பாவும் சிரித்தார்.

அதிகாரிகள் வருகிற அன்று காலையில் எங்கள் மறியாடு கட்டை அறுத்துக்கொண்டு மாமாவின் சைக்கிளடியில் நின்றது. கரியரை நக்கிக்கொண்டே நின்றது. விரட்டினால் போய், திரும்ப வந்து நக்கியது. மாமா சைக்கிளை எடுத்து உருட்ட, அவரின் கெண்டைக்காலை நக்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"மாமா, ஆட்டுக்கு உங்களிலை நல்ல விருப்பம். கட்டித் தரட்டோ?"

"உன்ரை சனியனைப் பிடிச்சுக் கட்டடி!"

மாமா அதற்கு முன் என்னை ஏசியதே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்த அப்பா திரும்பி ஆட்டைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஒழுங்கையில் வாகனம் வந்துவிட்டது.

அணைக்கட்டில் ஊரே நின்றது. பெரிய அதிகாரி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மாமா சொன்னது போலவே சப்பாத்து. மாமா சொன்னது போலவே படிக்கட்டில் நின்றுகொண்டார்.

"சேர், தோணி நிக்குது. நடுவுக்குப் போனால்…" என்றார் அப்பா.

"பொறும் ஐயா. முதல் இதிலை எடுப்பம். பிறகு போவம்."

அவர் பிறகு போவோம் என்றது என் காதில் விழுந்தது. மாமாவின் காதிலும் விழுந்திருக்கும்.

உதவியாளர் ஒருவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். தண்ணீருக்குள் இருந்த கடைசிப் படியில் கால் வைத்ததும் ஏதோ நெறுநெறுத்தது. குனிந்து ஒரு கை அள்ளினார். கரையாத உப்பு. பெரிய பெரிய கல்லுப்பு. அதிகாரி அதை வாங்கி மணந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன ஐயா, உங்கடை குளம் கருவாடும் போடுதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்களோடு கந்தோர் வாசலில் வெயிலில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு அதிகாரி மட்டும் சிரிப்பை நிறுத்தினார்.

"ஆர் போட்டது? இப்ப சொல்லாட்டி நேரே பொலிசுக்குத்தான் போவன். விசாரிச்சுப் பிடிக்கட்டும்."

மாமா தோணியடியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது. அம்மா மாமாவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கையில் கல் கட்டிய போத்தல் இருந்தது.

"நான்தான் சேர்."

"நீர் என்ன வேலை?"

"சங்கக்கடை மனேச்சர்."

"அப்ப உப்புக்கு என்ன குறை."

திரும்பவும் சிரிப்பு. வாகனம் போய்விட்டது. தோணியில் ஒருவரும் ஏறவில்லை. அப்பா கயிற்றைச் சுற்றிப் போத்தலோடு கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கந்தோரில் யார் போய் எங்கள் குளத்தைப் பற்றிக் கதைத்தாலும், உப்புப் போட்ட ஊர்தானே என்றார்கள். ஊருக்குள் அப்பா 'உப்பு மனேச்சர்' ஆனார். பள்ளிக்கூடத்தில் பொடியள் என்னைச் சுற்றி நின்று, "கொப்பர் இண்டைக்கு எந்தக் குளத்துக்கு உப்புப் போடப் போறார்?" என்று கேட்டார்கள். அப்பா பிறகு ஒரு கூட்டத்திலும் எழும்பிக் கதைக்கவில்லை. அணைப் பக்கம் போகவும் இல்லை. மாமாவுக்குக் குற்றம் குறை இல்லை என்ற பொலிஸ் றிப்போட் கிடைத்தது. அது இல்லாமல் விசா கிடையாது. சித்திரைக்கு முன்னரே பிளேன் ஏறிவிட்டார்.

ஊரில் ஒருவராவது யோசித்திருக்கலாம். சங்கக்கடையில் விற்றது பைக்கற் உப்பு. மாவு மாதிரி இருக்கும். அதைத்தான் ஊர் முழுக்க வாங்கிக் கறிக்குப் போட்டது. கருவாடு மணக்கிற கல்லுப்பு எங்கே இருந்தது, அங்கே யார் வேலை செய்தது என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

இந்தக் கோடையில் தண்ணீர் என்றும் இல்லாத அளவுக்கு வற்றியது. நடுவில் பழைய குளத்தின் வெள்ளை மணல் வெளியே தெரிந்தது. அப்பா சொன்னது போல அப்படியே இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பி, கதவைத் திறக்கச் சொல்லி மறுபடியும் தொடங்கினார்கள். விடுமுறைக்கு வந்து நின்ற மாமாவைத் தலைவராக்கினார்கள். அவருக்குத்தான் நன்றாகக் கதைக்க வருமே.

"முந்தி ஒருக்கா எங்கடை ஆக்களே முட்டாள் வேலை பாத்துக் காரியத்தைக் கெடுத்தவை. இந்த முறை நாங்கள் நேர்மையாச் செய்வம்" என்றார். அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேராகக் கேட்டேன். உப்பைப் போட்டது மாமாதானே?

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "உனக்கு ஆர் சொன்னது? ஆடோ?" என்றார். துருவின பாதியை வைத்துவிட்டு மற்றப் பாதியை எடுத்துக்கொண்டு, "அவன் இப்ப பிள்ளைகுட்டிக்காரன். கிளறாதை" என்றார்.

ஆடு அன்றைக்கே சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் விளங்கவில்லை. அதற்கு மாமாவில் விருப்பம் என்று நினைத்தேன். அம்மா தோளை இறுக்கியபோது, சிரிக்காதே என்று சொல்கிறார் என்று நினைத்தேன். அப்பா நான்தான் என்றபோது, அவர்தான் என்று நம்பினேன். அவர் ஒரு பொய் சொல்லித் தன் பெயரையும் குளத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறார் என்று அந்த வயதில் எனக்கு எப்படி விளங்கும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் இருக்கிறது. மாமா, உங்களைத்தான் கேட்கிறேன். அதே மேடையில் ஏறி, அதே ஒலிவாங்கியைப் பிடித்து, அதே ஊருக்கு முன்னால் சொல்லுங்கள். கடைசிப் படியில் உப்பைக் கொட்டியது யார்? அதைச் சொல்லிவிட்டுக் குளத்தைப் பற்றிக் கதையுங்கள். அப்பா கடைசி வாங்கில் இருப்பார். அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.