பூட்டுக்கத்தியும் ஒலிபெருக்கியும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வீட்டுக்கு யார் வந்தாலும், என்னைக் கூப்பிடும் முன் சான்றிதழை எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

அப்பாவுக்கு விசைப்படகில் வேலை. வலைக்கயிறு அறுக்க ஒரு மடக்குக்கத்தி வைத்திருந்தார், பூட்டு இல்லாதது. ஒருநாள் அலகு தானாக மடங்கி அவருடைய ஆட்காட்டி விரலில் இறங்கியது. தையல் போட்டார்கள். பூட்டு உள்ள கத்தி வாங்கிக் கொடுத்தேன். அதை மடக்க, அலகு வந்து விழும் பாதையிலேயே கட்டைவிரலை வைத்து உள்தகட்டைத் தள்ள வேண்டும். ஈரக்கையோடு தள்ளிய அப்பா கட்டைவிரலுக்கும் தையல் வாங்கினார். அட்டைப்பெட்டியில் ‘பாதுகாப்பானது’ என்று போட்டிருந்தது.

ஆகவே நானே ஒரு பூட்டு வடிவமைத்தேன். அலகு திறந்ததும் ஒரு வில்தகடு அடியில் வந்து முட்டுக்கொடுக்கும். கைப்பிடியின் பின்முனையில் உள்ள கயிற்றை இழுத்தால்தான் விலகும். அலகின் பாதையில் விரலுக்கு வேலையே இல்லை. மாதிரி செய்து தந்த லேத் பட்டறை அண்ணாச்சி பாராட்டி நேரத்தை வீணாக்கவில்லை.

“ஏளா, உப்புக்குத் தாங்குத ஸ்டீல் வேணும். தகடு வெட்டணும், கெட்டிப்பட சூடு போடணும். உன் பூட்டு விலைக்கு பஜார்ல நாலு கத்தி வாங்கலாம். டை, அதான் அச்சு, போட்டு மொத்தமா அடிச்சாதான் விலை இறங்கும்.”

“அப்போ டை போடுங்க அண்ணாச்சி.”

“நான் டை போட்டதும் இன்னொருத்தன் அதையே அடிச்சு வித்தாம்னா? பேட்டன்ட் வாங்கிட்டு வா. மறுநாளே போடுதேன்.”

நான் காப்புரிமை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. படகுகள் கடலுக்குப் போகும் முன் சர்ச் பங்குச்சாமியார் கரையில் ஜெபம் சொல்லி அவற்றை மந்திரிப்பார். அப்பா வலைமேல் என் கத்தியையும் வைத்திருந்தார்.

“இது என்னய்யா?”

“என் மவ செஞ்சது சாமி.”

சாமியார் மைக்கை என்னிடம் நீட்டினார். “ரெண்டு வார்த்தை சொல்லும்மா.”

படித்த பெண்ணிடம் இரண்டே வார்த்தைகளா இருக்கும்? கத்தியைத் திறந்து, மடக்கி, வில்தகட்டின் சாய்வுக் கோணம்வரை விளக்கினேன். கரையே செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. அப்பா அழுதார். கைதட்டல் ஓய வெகுநேரமானது.

மறுவாரம் பேட்டன்ட் ஏஜென்ட் போனில் கேட்டார்: “இதை வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“தனியா யார்ட்டயும் சொல்லல மேடம்.”

“பொதுவுல?”

“ஊர்ல மட்டும்.”

“எத்தனை பேர் இருந்தாங்க?”

“யூடியூப்ல பார்த்தவங்களையும் சேர்க்கணுமா மேடம்?”

சேர்க்க வேண்டுமாம். விண்ணப்பிக்கும் முன் உலகத்துக்குச் சொல்லிவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது புதியது இல்லை. அரசு அறிவித்த கண்காட்சியில் காட்டினால் சலுகை உண்டு. படகு மந்திரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டறை அண்ணாச்சியும் டை போடவில்லை.

சில மாதங்கள் கழித்து, மீன்பிடித் துறைமுக வாசலில் ஒருவர் சாக்கு விரித்துக் கத்தி விற்றுக்கொண்டிருந்தார். எல்லாவற்றின் பின்முனையிலும் கயிறு.

“வாங்க தங்கச்சி, புது மாடல். கயித்த இழுத்தா பூட்டு விழும்.”

“விழாது. விலகும்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

கத்தியை வாங்கி அழுத்திப் பார்த்தேன். தகடு மெல்லியது, சூடு போடாதது. பாரம் ஏறினால் வளைந்து கொடுத்துவிடும். மறுபடி யாரோ ஒருவருடைய ஆட்காட்டி விரல். வாயை மூடிக்கொண்டு நடந்திருந்தால் எனக்காவது புத்தி வந்தது என்று எழுதியிருக்கலாம். சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, தகடு எவ்வளவு தடிமன் வேண்டும், எப்படிச் சூடு போட வேண்டும், சாய்வு எத்தனை பாகை என்று முழுவதும் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். இந்த முறை கைதட்டல்கூட இல்லை.