ஜோனை உடைக்க நான் வைத்த ஐந்து புள்ளிகள்

1. ஹாஃப் டைம்

ஹாஃப் டைம் விசில் ஊதியபோது நாங்கள் பன்னிரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம். வேலூரில் ஒரு சிமென்ட் கோர்ட்டில் பாஸ்கட்பால் கால் இறுதி ஆட்டம். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. தோற்றால் சாயங்காலம் பஸ் ஏறித் திருவண்ணாமலை வந்துவிட வேண்டியதுதான். டீமுக்கு அது ஒரு தோல்வி, அவ்வளவுதான். பாஷாவுக்கு அப்படி இல்லை.

பாஷா எங்கள் டீமில் நடு ஆள். மாமா கடையில் பஞ்சு அடித்து மெத்தை தைக்கிற வேலை அவனுக்கு. பத்து வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்ததில் நெஞ்சில் இருமல் குடியேறிவிட்டது. டாக்டர் அந்த வேலையை விட்டுவிடச் சொல்லிவிட்டார். விட்டால் வேறு வேலை வேண்டுமே. மெட்ராஸில் பாஸ்கட்பால் டீம் வைத்திருந்த ஒரு பெரிய கம்பெனியின் அதிகாரி, செமி ஃபைனல் அன்றைக்குத்தான் வேலூர் வருவதாகவும், அதில் ஆடினால் பார்த்துவிட்டு வேலைக்கு எடுப்பதாகவும் சொல்லியிருந்தார். வயது வரம்பு தாண்ட பாஷாவுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. அன்றைக்குத் தோற்றால் அந்த அதிகாரி அவனைப் பார்க்கவே போவதில்லை.

அவனுடைய பிழைப்பை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது நான்தான். அது அப்போது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

2. புள்ளி வந்த கதை

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிரவுண்ட் மார்க்கர் வேலை. ஆணி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட வேண்டும். காலையில் குளித்து, விபூதி பூசி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சுண்ணாம்பு டப்பாவைத் தொடுவேன். சாயங்காலத்தில் அந்த மண் கோர்ட்டில் டவுன் கிளப் ஆடும். போஸ்ட்மேன், பாங்க் கிளார்க், கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை சிவராமன், மெத்தைக் கடை பாஷா எல்லோரும் வேலை முடிந்து வருவார்கள். கோச் எங்கள் பி.டி. மாஸ்டர் ஜெயராமன்.

கால் இறுதியில் எங்களோடு மோதவிருந்த வேலூர்க்காரர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டி ஆட மாட்டார்கள். முன்னால் இரண்டு பேர், கூடைக்குக் கீழே மூன்று பேர், இடத்துக்கு இடம் காவல் நிற்பார்கள். அதுதான் ஜோன். அதை உடைக்க மாஸ்டர் ஒரு செட் பிளே சொல்லிக் கொடுத்தார். கூடைக்குத் தூரத்தில் மேலே ஒருவன், கூடைக்கு நேரே ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் பாஷா, இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒருவன், கூடைக்குப் பக்கவாட்டில் எல்லைக்கோட்டு ஓரம் சிவராமன். பந்து மேலிருந்து பக்கத்துக்குப் போக வேண்டும், பக்கத்திலிருந்து பாஷாவுக்கு. அவன் திரும்பிப் பார்த்ததும் காவல்காரர்கள் அவன்மேல் பாய்வார்கள். அப்போது ஓரத்தில் சிவராமன் தனியாக நிற்பான்.

சொல்வது சுலபம். ஆனால் பந்து எங்கே போகிறதோ அங்கேயே ஐந்து பேரும் போய்க் கும்பலாக நிற்பார்கள். மாஸ்டர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அவருக்காகப் பரிதாபப்பட்டு, ஒருநாள் யாரும் கேட்காமலே ஐந்து இடத்திலும் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்தேன். அன்று சாயங்காலமே ஆட்டம் திருந்திவிட்டது. மாஸ்டர் என் தோளைத் தட்டி, "ஏகாம்பரம், நீதான்யா அசிஸ்டன்ட் கோச்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் தினமும் புள்ளி வைத்தேன். அதில் ஒரு தப்பு இருக்கும் என்று கனவில்கூட நினைக்கவில்லை.

3. எலுமிச்சை மூடி

வேலூருக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுக்கிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். சைடில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டே ஆட்டம் பார்த்தேன்.

கூட்டம் எங்கள் சிவராமனின் குடுமியைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டது. "ஐயிரே, பூஜைக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றான் ஒருவன். "முடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றான் சிவராமன். ஆனால் அவன் போட்ட மூன்று ஷாட்டும் வெளியே போயின.

எனக்குக் கண்ணில் பட்டது வேறு. பந்து வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் ஒரு நொடி குனிந்து தரையைப் பார்த்தார்கள். வழவழவென்று சிமென்ட். அதில் என்ன தெரியும்? குத்துமதிப்பாக நின்றார்கள். ஒருவனுக்கு ஒருவன் இரண்டடி நெருங்கிவிட்டான். எதிராளி ஒரே ஆளை வைத்து எங்களில் இருவரைப் பார்த்துக்கொண்டான்.

ஹாஃப் டைமில் மாஸ்டர் எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஒரு மாசம் இன்னாடா பண்ணீங்க? ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி நிக்கறீங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழியெல்லாம் அவர்களோடு போயிருக்கும். பாஷா இருமிக்கொண்டே உட்கார்ந்ததைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

"சார், தப்பு என்னுதுங்க. இவங்க புள்ளிய தேடறாங்க" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. பாஷாதான் பேசினான். "ஆமா சார். என் எடத்துக்கு வந்தா கண்ணு தானா கீழ போவுது. பழக்கமாயிடுச்சு." போஸ்ட்மேன் சாக்பீஸ் கிடைக்குமா என்று கேட்டார். ஊரான் கோர்ட்டில் கோடு போட்டால் உதைப்பான் என்று மாஸ்டர் அவரை அடக்கினார்.

பாஷா என் பக்கத்தில் கிடந்த பிழிந்த எலுமிச்சை மூடிகளில் ஐந்தை எடுத்தான். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று தரையில் கவிழ்த்து வைத்தான். வேலூர்க்காரனின் ஜோன் அப்படியே கண்முன் வந்துவிட்டது. இரண்டு மூடிகளுக்கு நடுவில் விரலை வைத்தான்.

"புள்ளி தரையில இல்ல சார். இவனுக்கும் இவனுக்கும் நடுவுல இருக்குது. இவன் நகந்தா அதுவும் நகரும். நாம தரைய பாக்க வேணாம், அவனுங்கள பாப்போம். ரெண்டு பேரும் 'நீ புடி, நீ புடி'ன்ற எடத்துல போய் நிப்போம்."

மாஸ்டர் குனிந்து ஒரு மூடியை நகர்த்திப் பார்த்தார். "அவன் சொல்றத செய்யுங்க" என்றார். தனக்குத் தெரியாததை இன்னொருவன் சொன்னால் ஏற்றுக்கொள்கிற மனசு எல்லா மாஸ்டருக்கும் வராது. அவருக்கு இருந்தது.

4. கடைசிப் பந்து

அடுத்த பாதியில் பாஷா குனியவே இல்லை. முன்னால் நிற்கிற இருவருக்குப் பின்னால், கீழே நிற்கிறவர்களுக்கு எட்டாத தூரத்தில், அவன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தான். யார் தன்னைப் பிடிப்பது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. பன்னிரண்டு எட்டாயிற்று, எட்டு நாலாயிற்று. கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு பாயிண்ட் கம்மி.

பந்து மேலிருந்து பக்கத்துக்குப் போய் நடுவில் பாஷாவிடம் வந்தது. அவன் திரும்பினான். அவன் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பாதியில் எங்கள் பாயிண்டில் முக்கால்வாசி அவன் போட்டதுதான். வேலையும் அவனுடையது, நெஞ்சும் அவனுடையது. ஆனால் பந்தை ஓரத்துக்குக் கொடுத்தான், அன்றைக்கு ஒரு ஷாட்கூட விழாத சிவராமனுக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாமலையாரைக் கூப்பிட்டு, கிரிவலம் வருவதாக நேர்ந்துகொண்டேன். வலை சரக்கென்றது. "அரோகரா" என்று என் வாயில் வந்ததைக் கேட்டு வேலூர்க்காரர்களே திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

டீக்கடையில் அவனைக் கேட்டேன், நீயே போட்டிருக்கலாமே என்று.

"மூணு பேர் என் மேல வந்துட்டானுங்கண்ணா. அவன் சும்மா நின்னுனு இருந்தான். வேற யார்கிட்ட குடுக்கறது?"

பஞ்சு விலை சொல்வதுபோலச் சொன்னான். எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துவிட்டேன். அந்தப் பதிலுக்கு நிகராக ஒன்றும் கேட்டதில்லை.

செமி ஃபைனலில் நன்றாகத் தோற்றோம். ஆனால் அதிகாரி வந்திருந்தார், பார்த்தார். ஒரு மாதத்தில் பாஷாவுக்கு ஆர்டர் வந்தது. நேர்ந்துகொண்டபடி நான் செருப்பில்லாமல் கிரிவலம் போனேன். பாஷாவும் பாதி வழியில் இருக்கிற அடி அண்ணாமலை வரைக்கும் பேசிக்கொண்டே கூட வந்தான்.

மெட்ராஸிலிருந்து எனக்கு ஒரு கார்டு போட்டான். இருமல் கம்மியாம். கம்பெனி டீம் ஆடுகிற இண்டோர் கோர்ட்டில் மரத் தரையாம். வாலிபாலுக்கு ஒரு நிறம், ஷட்டிலுக்கு ஒரு நிறம் என்று ஒரே தரையில் நாலு நிறத்தில் கோடு. "பார்த்தால் தலை சுற்றும் அண்ணா. நான் பார்ப்பதே இல்லை" என்று எழுதியிருந்தான்.

அதற்கப்புறம் ரிடையர் ஆகிற வரைக்கும் கோடு போட்டேன். எல்லை எங்கே முடிகிறது என்று காட்டுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒருவன் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவன் கண்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பதிலாக நான் பார்த்துக் கொடுப்பதை உதவி என்று அப்புறம் ஒருநாளும் நினைத்ததில்லை.